வாளைக்குச் சுங்கானின் மூச்சு கிடையாது: கந்தளாய்க் குளத்தில் இரண்டு இரவுகள்

ஓகஸ்ட் மாதக் கடைசி. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தில் விடியும் முன் 112 சென்ரிமீற்றர் நீளமான வாளை ஒன்று தூண்டிலில் பட்டது. வழிகாட்டியோடு வந்த விருந்தினர் அதைப் பிடித்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டார். எல்லாருக்கும் சந்தோசம். காலை 8 மணிக்கு வலை எடுக்கப் போன மீனவர் ஒருவர், அதே வாளை விட்ட இடத்திலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி வயிறு மேலாக மிதக்கக் கண்டார்.

மூன்று கிழமை கழித்து, அதே வழிகாட்டி, அதே படகு. 104 சென்ரிமீற்றர் வாளை. இது வாலை ஒரு அடி அடித்துவிட்டு ஆழத்துக்குள் போனது. அடுத்த இரண்டு காலையும் கரையோரமாகத் தேடினார்கள். செத்த வாளை எதுவும் மிதக்கவில்லை. இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் என்ன மாறியது என்பதே இந்த ஆய்வு. ஆட்களின் பெயரும் படகின் அடையாளமும் வேண்டாமென்று விட்டிருக்கிறோம்.

மீனும் குளமும்

உலர் வலயக் குளங்களில் பெரிதாக வளரும் மீன்களில் வாளையும் ஒன்று. செதில் இல்லாத வெள்ளி உடம்பு, கண்ணையும் தாண்டிப் பிளக்கும் வாய், மேல்தாடையில் நீண்ட ஒரு சோடி மீசை, கீழே குட்டையான ஒரு சோடி, வயிற்றுக்குப் பின்னால் வால் வரைக்கும் ஓடும் ஒரே நீண்ட செட்டை. பகலில் பட்ட மரக்குற்றிகளின் நிழலிலும் பழைய ஆற்றுப் பள்ளத்திலும் கிடக்கும். இருட்டினால் ஆழம் குறைந்த மேட்டுக்கு ஏறி மற்ற மீன்களை விழுங்கும். உலக அளவில் இந்த இனம் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வலையில் பட்ட வாளையைச் சந்தைக்குக் கொண்டுபோவது குளத்து மீனவரின் பிழைப்பு. அதில் நாங்கள் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உயிரோடு விடுகிறோம் என்று சொல்லிக் காசு வாங்கும் பயணத்தில் மீன் சாகக் கூடாது. செத்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும்.

ஓகஸ்ட், செப்ரெம்பரில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து குளம் வற்றியிருக்கும். மின்னேரியாப் பக்கமிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரும் குறைவு. பகலில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், மாலையில் ஓயும். தண்ணீர் குறைய மீன் ஒடுங்கும், பெரிய வாளை கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது லேசாகும். அதனால்தான் வழிகாட்டிகள் இந்த மாதங்களை விரும்புகிறார்கள். மீனுக்கு மூச்சு மிகவும் சிரமமான காலமும் இதுதான். இந்த முரண்தான் முழு விசயத்துக்கும் அடி.

முதல் இரவு

படகு 18 அடி ஃபைபர், 15 குதிரைவலு என்ஜின். வழிகாட்டி, படகோட்டி, விருந்தினர் இருவர். தூண்டில் தடி விருந்தினர் கொண்டுவந்தது: ஆறரை அடி, மெல்லியது. 20 இறாத்தல் தங்கூசி (நைலோன் நூல்), சாதாரண 5/0 முள், இரையாக அன்று பிடித்த சிறு திலாப்பியா. நள்ளிரவு வரை பள்ளத்தில் இருந்தும் ஒன்றும் படவில்லை. மூன்று மணிக்குமேல் வாய்க்கால் வந்து விழும் பக்கத்து மேட்டுக்கு நகர்ந்தார்கள். ஆழம் ஒன்றரை மீற்றர், சுற்றிலும் பாசி.

4.40க்கு இழுவை. விருந்தினர் றீலைத் திறந்துவிட்டு, மீன் இரையை நன்றாக விழுங்கட்டும் என்று பத்து எண்ணும் வரை காத்திருந்து பிறகு தடியைச் சட்டென்று வெட்டி இழுத்தார். முள் தொண்டைக்குள் போய்விட்டது. தங்கூசி மெல்லியது என்பதால் இறுக்கிப் பிடிக்கவும் முடியவில்லை. மீன் மூன்று தடவை பாசிக்குள் ஓடியது, மூன்று தடவையும் மெதுவாக மெதுவாகத் திருப்பினார்கள். 34 நிமிடம்.

படகுக்குள் இடம் போதாது, படம் நன்றாக வராது என்று கரைக்குக் கொண்டுபோனார்கள். மணலில் கிடத்தி, உலர்ந்த துவாயால் பிடித்து, முள்ளைத் தொண்டைக்குள் கிளறி எடுத்து, கீழ்த்தாடையில் தூக்கித் தொங்கவிட்டு, ஒவ்வொருவராகப் படம். தண்ணீருக்கு வெளியே மொத்தம் ஆறு நிமிடம். அந்தப் படங்களில் ஒன்றை உற்றுப் பார்த்தால் தெரியும்: முதல் படத்தில் விறைத்து நின்ற மீசை, கடைசிப் படத்தில் ஈர நூல்போலத் தொங்குகிறது, செவுள் மூடி முழுதாக விரிந்து அப்படியே நிற்கிறது, முதுகின் பச்சைச் சாயல் வெளிறிவிட்டது. மீன் அப்போதே சொல்லிவிட்டது.

பக்கத்தில் வலையை ஒதுக்கிக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் சொன்னாராம்: "தம்பி, அது மூச்சடைக்குது, தண்ணியில விடுங்கோ." வழிகாட்டியின் பதில்: "ஒண்டும் ஆகாதண்ணை, சுங்கான் சாதிதானே."

முழங்காலளவு தண்ணீரில் விட்டார்கள். முதலைப் பயம், அதனால் உள்ளே இறங்கி நின்று மீனைப் பிடித்துக்கொண்டிருக்க யாரும் துணியவில்லை. மீன் சரிந்து சரிந்து நீந்தி இருட்டுக்குள் மறைந்தது.

ஏன் செத்தது

முதல் காரணம் அந்த ஒரு வார்த்தை: சுங்கான் சாதி. சுங்கானும் வாளையும் மீசை மீன்கள்தான். ஆனால் சுங்கானுக்குச் செவுளுக்குப் பின்னால் முதுகோரமாக ஓடும் காற்றுப்பை உண்டு; மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும், ஈரச் சாக்குக்குள் மணிக்கணக்காக உயிரோடு கிடக்கும். சந்தையில் சட்டிக்குள் துள்ளும் சுங்கானைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லாரும். அதே பழக்கத்தில், மீசை இருந்தால் உரம் என்று நினைத்துவிடுகிறோம். வாளைக்கு அந்தப் பை கிடையாது. தண்ணீரிலுள்ள ஒக்சிசன்தான் அதற்கு எல்லாம். வெளியே எடுத்த நொடியிலிருந்து செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும்.

இரண்டாவது, வெப்பம். 10 பாகை செல்சியஸில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒக்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரைக்குமேல் தாங்காது. அது நிரம்பிய கணக்கு. பாசி மண்டிய மேட்டில் இரவு முழுக்கப் பாசியும் மூச்சு விடும், அடிச் சேறும் உறிஞ்சும், சூரியன் இல்லாமல் புதிதாக எதுவும் உண்டாகாது. ஆகவே ஒரு நாளில் ஒக்சிசன் மிகக் குறைந்த நேரம் விடியலுக்குச் சற்று முன். 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. பத்துப் பாகை ஏறினால் மீனின் உடம்பு கேட்கும் ஒக்சிசனோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரவு பாதி, செலவு இரட்டிப்பு. அந்த நேரத்தில், அந்த இடத்தில், 34 நிமிட ஓட்டம். தசை முழுக்க அமிலம் சேர்ந்த மீனை ஆறு நிமிடம் காற்றில் வைத்துவிட்டு, ஒக்சிசன் இல்லாத அதே மேட்டில் விட்டால் அது எங்கே மூச்சு வாங்கும்?

வெளிநாட்டுப் படங்கள் இங்கே ஆளை ஏமாற்றுகின்றன. 2004 ஜனவரியில் ரெக்சாஸ் - ஒக்லஹோமா எல்லையிலுள்ள ரெக்சோமா ஏரியில் கோடி மலனிக்ஸ் என்பவர் 121.5 இறாத்தல், அதாவது 55 கிலோ, நீலக் கெளுத்தி ஒன்றைப் பிடித்தார். அதை உயிரோடு வைத்திருந்து, வண்டியில் ஏற்றி, ரெக்சாஸிலுள்ள ஏதென்ஸ் நகரத்து மீன் காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது தொட்டிக்குள் நீந்துவதை மக்கள் பார்த்தார்கள். அது ஜனவரிக் குளிர்த் தண்ணீர், வேறு இனம். அந்தக் கையாளல் முறையை ஓகஸ்ட் கந்தளாய்க்குக் கொண்டுவந்தால் கிடைப்பது பிணம். நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்மாதிரி வேறு: 2023 மே மாதம் இத்தாலியின் போ ஆற்றில் அலெசாண்ட்ரோ பியான்கார்டி 285 சென்ரிமீற்றர் கெளுத்தியைப் பிடித்தார். நீளத்தை மட்டும் அளந்தார். மீன் வேதனைப்படும் என்று நிறுக்காமலே விட்டார். சாதனை மீனுக்கே நிறை தேவைப்படவில்லை.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். உலர்ந்த துவாயும் மணலும் வழுவழுப்பை உரித்துவிட்டன. செதில் இல்லாத மீனுக்கு அந்த வழுவழுப்புத்தான் தோல், அது போன இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தாடையில் செங்குத்தாகத் தூக்கியபோது உடம்பு நிறை முழுதும் கழுத்தெலும்பில் இறங்கியது. தொண்டைக்குள் முள்ளைக் கிளறியதில் செவுளடியில் இரத்தம் வந்தது. இவற்றில் ஒன்று மட்டும் என்றால் ஒருவேளை பிழைத்திருக்கும்.

இரண்டாவது இரவு: மாற்றியவை

முதலில் நேரம். மாலை 6.30 முதல் 11.30 வரை மட்டும். பகல் வெயிலில் பாசி உண்டாக்கிய ஒக்சிசன் அப்போது இன்னும் மிச்சம் இருக்கும். விடியற்கால இழுவைதான் நல்ல இழுவை என்று வழிகாட்டிக்குத் தெரியும், விருந்தினருக்கும் தெரியும். வற்றிய மாதங்களில் அதை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கார்த்திகை மழைக்குப் பிறகு குளம் நிறைந்து தண்ணீர் ஓடும்போது விடியலில் போகலாம். கயிற்றில் கட்டிய சாதாரண வெப்பமானியை இரண்டு மீற்றர் ஆழத்துக்கு இறக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். 31 பாகைக்குமேல் காட்டினால் அன்று வாளைக்குத் தூண்டில் போடுவதில்லை என்பது நாங்கள் வைக்கும் கோடு.

இடம்: பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பு, ஐந்து மீற்றர் ஆழம், மரக்குற்றிகளிலிருந்து முப்பது மீற்றராவது தள்ளி. துருசு, அதாவது தண்ணீர் திறக்கும் மதகு, அதன் பக்கம் நங்கூரம் போடவே கூடாது. தண்ணீர் திறந்திருந்தால் படகையே இழுக்கும்.

தூண்டில் கட்டு இப்படி. எட்டடித் தடி, 6000 அளவு றீல், 65 இறாத்தல் பின்னல் நூல். அதன் நுனியில் சுழலி, சுழலிக்குக் கீழே 60 சென்ரிமீற்றர் நீளத்தில் 80 இறாத்தல் தங்கூசி. வாளையின் பல் அரம்போல நிரை நிரையாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்; மெல்லிய தங்கூசியை ஐந்து நிமிடத்தில் அராவிவிடும். ஈயம் 80 கிராம், பின்னல் நூலில் வழுகி ஓடும் வளையத்தில் தொங்கும். ஈயத்தை வளையத்தோடு கட்டும் துண்டு மட்டும் 10 இறாத்தல். குற்றியில் சிக்கினால் ஈயம் மட்டும் அறுந்து போகும், மீன் போகாது, மீனின் வாயில் நூறு மீற்றர் நூலும் மிஞ்சாது. முள் 8/0 வட்ட முள் (நுனி உள்நோக்கி வளைந்தது), தடித்த கம்பி, மிச்சம் இல்லாமல் துருப்பிடிக்கும் வகை, கொண்டையைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கியது.

றீலின் இறுக்கத்தைக் கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடக் கூடாது. நுனியைத் தொங்கு தராசில் கொழுவி, தடியை வளைத்து இழுத்து, 6 கிலோவில் நூல் வழுகத் தொடங்கும்படி வைக்க வேண்டும். அந்த 20 இறாத்தல் தங்கூசியில் இரண்டரைக்குமேல் வைக்க முடிந்திராது. முதல் இரவின் 34 நிமிடத்துக்கும் இந்த இரவின் 7 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த மூன்றரைக் கிலோதான். மெல்லிய தடியில் பெரிய மீனை இழுப்பது கெட்டித்தனம் என்று சிலர் சொல்வார்கள். கெட்டித்தனத்தின் செலவை மீன் கட்டுகிறது.

இரை, அதே குளத்தில் அன்று பிடித்து அன்றே செத்த 12 முதல் 15 சென்ரிமீற்றர் திலாப்பியா, இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்தியது. முள் நுனி வெளியே தெரிய வேண்டும். மூடியிருந்தால் வட்ட முள் வேலை செய்யாது. வேறு குளத்திலிருந்து உயிர் இரை கொண்டுவரவே வேண்டாம். தொட்டியில் வளர்த்து வெளியே விட்ட கத்தி மீனும் தொட்டி துப்புரவாக்கி மீனும் இலங்கையின் நீர்நிலைகளில் பரவி நிற்பதை எல்லாரும் பார்க்கிறோம்.

தூக்காமல் தூக்குவது

மீனை ஏந்த ஒரு தொட்டில் தைத்துக்கொண்டார்கள். வழுவழுப்பான தார்ப்பாய்த் துண்டு, 150 சென்ரிமீற்றர் நீளம், 70 அகலம். இரு நீண்ட பக்கத்திலும் மடித்துத் தைத்த குழலுக்குள் 25 மில்லிமீற்றர் பிவிசி குழாய். அடியில் பத்துப் பன்னிரண்டு துளை, தண்ணீர் வடிய. தொட்டிலின் உட்பக்கத்தில் சென்ரிமீற்றர் கோடு வரைந்திருந்தது. அதனால் அளக்கத் தனியாக நாடா தேவைப்படவில்லை. நிறை வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சுற்றளவை நீளத்தோடு பெருக்கும் சூத்திரங்களைச் சொல்வதுண்டு. அவை உருண்ட உடம்பு மீனுக்கானவை. தலை பெருத்து, பின்பக்கம் தகடுபோலச் சப்பையான வாளைக்குப் பொருந்தாது. நீளம் போதும்.

9.15க்கு இழுவை. படகோட்டி வெட்டி இழுக்கவில்லை. நூல் இறுகும்வரை தடியைத் தாழ்த்தியே பிடித்திருந்து, பிறகு நிதானமாகச் சுற்றினார். வட்ட முள் வாயோரத்தில் வந்து பிடித்தது. ஏழு நிமிடத்தில் மீன் படகோரம். தொட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, தலைப்பக்கமாக மீனை வழிநடத்தி உள்ளே எடுத்தார்கள். ஈரக் கையுறை, 25 சென்ரிமீற்றர்க் குறடு, ஒரு திருப்பு, முள் வெளியே. எல்லாமே தண்ணீருக்குள். படத்துக்கு மட்டும், ரோச் வெளிச்சத்தையும் கமராவையும் முதலில் தயார்பண்ணி, "சரி" என்றதும் இருவர் இரு கையாலும் தலைக்குப் பின்னாலும் வயிற்றடியிலும் ஏந்திக் கிடையாகத் தூக்கினார்கள். 20 எண்ணியதும் கீழே. தன் மூச்சை அடக்கிக்கொண்டு மீனைத் தூக்குங்கள் என்று விருந்தினரிடம் சொல்லிவைத்தால் யாருக்கும் கடிகாரம் தேவைப்படாது.

விடும்போது முன்னும் பின்னும் ஆட்டும் பழக்கம் ஒன்று உண்டு. பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் எதிர்ப்பக்கமாகப் போகும், அது உதவாது. தொட்டிலில் மீனின் தலை முன்னோக்கி இருக்க, என்ஜினை மிக மெதுவாக, நடக்கும் வேகத்தில் ஓட்டினார்கள். குற்றி இல்லாத திறந்த நீர். மூன்று நிமிடத்தில் செவுள் மூடி ஒரே சீராக அடிக்கத் தொடங்கியது, மீசை விரிந்தது. தொட்டிலின் முன்வாயைத் தாழ்த்தினார்கள்.

முழு வேலையும் படகிலிருந்தபடியே நடந்ததால் முதலைக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. கரையில், இருட்டில், மீன் இரத்தம் கலந்த தண்ணீரில் கால் வைத்து நிற்பதை எந்த விருந்தினருக்கும் அனுமதிக்கக் கூடாது.

அன்றும் எல்லாம் சரியாக நடக்கவில்லை

அதே இரவில் இரண்டு மீன் தவறின. ஒன்றில் விருந்தினர் பழக்கதோசத்தில் வெட்டி இழுத்துவிட்டார். வட்ட முள் வாய்க்குள்ளிருந்து வழுகி அப்படியே வெளியே வந்தது, இரை முழுதாகத் திரும்பியது. இதற்கு ஒரே மருந்து, தடியைக் கையில் கொடுக்காமல் தாங்கியில் வைத்து, அது வளைந்து நிற்கும்போது எடுத்துக் கொடுப்பது. மற்றது குற்றிக்குள் புகுந்தது. நிறுத்துவதற்காக றீலை முழுக்கப் பூட்டினார்கள். முள் நிமிர்ந்து போனது. பூட்டியிருக்க வேண்டியதில்லை. படகை மீனுக்கு மேலே கொண்டுபோய்க் கோணத்தை மாற்றியிருந்தால் அது வந்த வழியே திரும்பியிருக்கும்.

மூன்றாவது, வலை. நகரும்போது என்ஜின் விசிறி செவுள் வலை ஒன்றின் தலைக்கயிற்றை அறுத்துவிட்டது. பிளாஸ்ரிக் போத்தல் மிதப்பு இருட்டில் தெரியவில்லை. குளத்து மீனவர் மாலையில் வலை போட்டு விடியலில் எடுக்கிறார். குளம் முதலில் அவருடையது. அன்றே போய்ச் சொல்லி, வலைத்துண்டுக்குப் பணம் கொடுத்து, இனி எந்தப் பக்கம் வலை, எந்தப் பக்கம் தூண்டில் என்று மீனவர் சங்கத்தோடு பேசித் தீர்த்தார்கள். மிதப்புகளுக்குச் சுற்ற ஒளிதெறிக்கும் ஒட்டு நாடாவை வழிகாட்டியே வாங்கிக் கொடுத்தார். இது பயணம் தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், நன்னீர் மீன் வளர்ப்புக்குப் பொறுப்பான நக்டா அதிகாரசபையிடமும் கேட்டு அனுமதியை எழுத்தில் வாங்குவதும் அப்படித்தான். கந்தளாய்த் தண்ணீர் வயலுக்கு மட்டும் போவதில்லை, திருகோணமலை நகரத்தின் குழாய்களுக்கும் வருகிறது. பெற்றோலைப் படகுக்குள் ஊற்றாமல் கரையில், தட்டு வைத்து ஊற்ற வேண்டும்.

குளக்கட்டைப் பற்றியும் ஒன்று. கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்கள் தடி நாட்டவும் மண்புழு எடுக்கவும் குளக்கட்டைக் கிண்டுகிறார்கள். 1986 ஏப்ரில் 20 அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கந்தளாயில் அந்த இரவை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கட்டில் ஒரு குச்சி கூட ஊன்ற வேண்டாம்.

காசு எப்படி வாங்குவது

முதல் இரவில் மீன் அவ்வளவு நேரம் கரையில் கிடந்ததற்கு ஒரு காரணம் யாரும் பேசாதது. படம் நன்றாக வந்தால் வழிகாட்டிக்குக் கையில் தனியாகக் காசு கிடைக்கும். மீன் ஒன்றுக்கு இவ்வளவு, பெரிய மீனுக்கு இவ்வளவு என்று பேசினாலும் இதே கதைதான். இப்போது இரவொன்றுக்கு ஒரே தொகை. மீன் பட்டாலும் படாவிட்டாலும் மாறாது. ஏறும் முன்பே மூன்று விசயம் சொல்லப்படுகிறது: தடியும் நூலும் படகினுடையது, மீன் படகுக்குள் வராது, படம் 20 எண்ணிக்கைக்குள். ஒத்துக்கொள்ளாதவருக்கு விரால் பிடிக்கப் பகல் பயணம் இருக்கிறது. இரண்டு பேர் அப்படித் திரும்பிப் போனார்கள்.

விட்ட மீன் நீந்திப் போனது, அதனால் பிழைத்துவிட்டது என்று கணக்கெழுதுவதையும் நிறுத்தினார்கள். முதல் வாளையும் நீந்தித்தான் போனது. இந்த வெப்பத்தில் செத்த மீன் ஓரிரு நாளுக்குள் மிதக்கும். ஆகவே விட்ட இடத்திலிருந்து காற்று அடிக்கும் பக்கத்துக் கரையை அடுத்த இரண்டு காலையும் தோணியில் சுற்றுகிறார்கள். கச்சான் காலத்தில் அது கிழக்குக் கரை. சுற்றுவது படகோட்டியின் வேலை, அவருடைய கூலி இரவுத் தொகைக்குள் சேர்ந்தே இருக்கிறது. நீளம், பட்ட நேரம், இழுத்த நிமிடம், தண்ணீர் வெப்பம், காற்றில் இருந்த நொடி, முள் பிடித்த இடம், இரண்டு காலையும் கண்டது என்று ஒரு கொப்பியில் ஏழு நிரல். முதல் வரியில் 112 சென்ரிமீற்றரும் 34 நிமிடமும், கடைசி நிரலில் "செத்தது" என்றும் எழுதியிருக்கிறது.